தற்காலிகம்

அவளுக்கு அலுவலகத்தில் நிமிஷக்காரி என்று பெயர். எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும், எது எதற்கு ஒதுங்கி நிற்கவேண்டும் என்று ரயில் அட்டவணை போடுகிற பிரிவில் அவள்தான் மூத்தவள். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி நிமிஷத்துக்குப் பேரம் பேசுவாள். "ரெண்டு நிமிஷம் கூட்டிக் குடுங்க மேடம்" என்று யாராவது வந்து நின்றால், "அரை நிமிஷம் தர்றேன், அதுவும் உங்க முகத்துக்காக" என்பாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் அவள் காதுக்கு எட்டாமலா இருக்கும்? எட்டியிருந்தது. உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்போது அவள் தேடிக்கொண்டிருந்தது ஒன்பது நிமிஷம். அது தன் தங்கைக்காகவும்தான் என்பதை அவள் மறைக்கவும் இல்லை, தண்டோரா போடவும் இல்லை.

தங்கை நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு இருப்பது கிளைப்பாதையில், ஒரு சின்ன நிறுத்தத்துக்குப் பக்கத்தில். புருஷனுக்கு அந்தப் பாதை முடிகிற ஊரில் சிமென்ட் ஆலை வேலை. முதல் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஆஸ்பத்திரியில் பகல் வேலை தொடங்கும் நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். முதல் ரயிலைப் பிடித்து ஓட்டமும் நடையுமாகப் போனாலும் தங்கை தினமும் தாமதம். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்த நர்ஸ் இவள் வரும்வரை கண் எரிய உட்கார்ந்திருக்கவேண்டியிருந்தது. தலைமை நர்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்லிவிட்டார்: "புது ரயில் அட்டவணை வரட்டும், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கறேன். அதுலயும் வழி பொறக்கலன்னா விடுதியில வந்து தங்கு. இல்லன்னா வேலையை விட்டுடு."

விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. வாரம் ஒருமுறை வந்து போகிற அம்மா என்றால், பிள்ளை விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்காதா? வேலையை விடவும் முடியாது. இருவர் சம்பளத்தில் ஓடுகிற வீடு அது.

"அக்கா, நீ எத்தனையோ வண்டி விடுறே. எனக்குன்னு ஒரு வண்டி விடேன்" என்றாள் தங்கை போனில்.

"ஏன்டி, வாடகைக் காரா கேக்கறே, உடனே அனுப்பி வைக்க?"

"நக்கலெல்லாம் அப்புறம். முடியுமா முடியாதா?"

"முடியணும்" என்றாள் நிமிஷக்காரி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் அவளாலேயே அவளைத் தடுக்க முடியாது.

சிக்கல் இதுதான். கிளைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். சந்துக்குள் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்தால் என்ன ஆகும், அதேதான். விலகிக்கொள்ள நடு ஸ்டேஷனில் மட்டும் இடம் உண்டு. விடிகிற நேரத்தில் நகரத்துப் பக்கத்திலிருந்து ஆலைக்குக் கரி வண்டி வரும். நடு ஸ்டேஷனைத் தாண்டியதும் ஏற்றம் என்பதால் அத்தனை பாரத்தோடு அதை நிறுத்தினால் மறுபடி நகர்த்துவதற்குள் இன்ஜினுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே பாதை முடிகிற ஊரிலிருந்து நகரத்துக்குப் புதிதாக விடுகிற காலை வண்டிதான் முன்னதாக நடு ஸ்டேஷனுக்கு வந்து ஒதுங்கி நிற்கவேண்டும். அவள் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அது ஒன்பது நிமிஷம் பிந்தியே வந்தது. முன்கூட்டியே கிளப்பினால் என்ன என்று கேட்பீர்கள். முந்தின இரவு கடைசி வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் படுக்கிற ஓட்டுநர்தான் காலை வண்டியையும் எடுக்கவேண்டும். அவர் தூக்கத்தில் கைவைக்கச் சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் இவள் விடமாட்டாள்.

கம்ப்யூட்டரில் வண்டிகளுக்குப் போட்ட கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு கிளைப்பாதை வண்டியில் ஓட்டுநர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆற்றுப் பாலம் வருவதற்கு வெகு தூரம் முன்பே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். மஞ்சள் போர்டு ஒன்று நின்றது. பக்கத்துப் பாதையில் ஒருவர் சைக்கிளில் வண்டியை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பி ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டுப் போனார்.

இந்த இடம் அவளுக்குப் புதிதல்ல. அலுவலகத்தில் இதற்குப் பெயரே 'தற்காலிகம்'. தற்காலிக வேகக் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம். "தற்காலிகத்துக்கு எவ்வளவு சேத்தீங்க?" என்று கேட்பது அங்கே உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி. அவளே எத்தனையோ அட்டவணைகளில் கைபாட்டுக்குச் சேர்த்திருக்கிறாள். பாலத்தைக் கண்ணால் பார்ப்பது இப்போதுதான். பார்த்தால், உத்திரங்களெல்லாம் புதுசு. பழைய தூண்களின் மேல் பளபளவென்று புது இரும்பு உட்கார்ந்திருந்தது.

"பாலத்தைத்தான் மாத்திட்டாங்களே, இன்னும் ஏன் ஊர்ந்து போறீங்க?" என்று கேட்டாள்.

"போர்டு நிக்குது மேடம். போர்டு நிக்கற வரைக்கும் நானும் ஊர்ந்துதான் போவேன்."

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கியதும் நேரே பாலப் பொறியாளர் அறைக்குப் போனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பார்ப்போம். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற முதல் பதிலும் கடைசிப் பதிலும் அதுதான்.

"சார், பாலம் புதுசாகி எவ்வளவு காலம் ஆச்சு? போர்டு ஏன் இன்னும் இருக்கு?"

"நீங்க யாரும் எடுக்கச் சொல்லலையே."

"நாங்க எதுக்கு சொல்லணும்? பாலம் உங்களோடது."

"பாலம் எங்களோடது. வண்டி உங்களோடது. வண்டி லேட்டாகுதுன்னு உங்க பக்கத்துலேர்ந்து ஒரு புகார் வரலையேம்மா."

புகார் எப்படி வரும்? ஊர்ந்து போகிற நேரத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையே போட்டிருந்தது. ஆகவே வண்டி தினமும் ஊர்ந்தது, தினமும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டவணையில் ஏறிவிட்ட தாமதம் ரயில்வேயில் தாமதமே இல்லை. பாலத்துக்காரர்கள் அட்டவணைக்காரர்கள் கேட்பார்கள் என்று இருந்தார்கள். அட்டவணைக்காரர்கள் பாலத்துக்காரர்கள் சொல்வார்கள் என்று இருந்தார்கள். நடுவில் ஊர் ஜனம் ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்வந்தது. நல்ல கூத்து.

"சரி, இப்ப நான் கேக்கறேன். எடுங்க."

"பார்ப்போம்."

"சார்."

"கோவிச்சுக்காதீங்க. போர்டு வெச்சவர் ரிட்டையர் ஆகிப் போய்ச் சேர்ந்தும் விட்டாரு. உத்திரம் மட்டுந்தான் பழுதுன்னு வெச்சாரா, தூணையும் நெனச்சு வெச்சாரா, யாருக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு எடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பது இதுதான் என்று முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் போகப்போகிறவர்களில் தன் தங்கை வீட்டு ஆட்களும் உண்டு என்ற நினைப்பு வந்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"பயப்படுங்க சார், வேண்டாங்கல. பயந்துகிட்டே போய் அளந்து பாருங்க."

"பார்ப்போம்."

"எப்பன்னு ஒரு தேதி சொல்லுங்க, எழுந்து போயிடறேன்."

அவர் சொல்லவில்லை. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். பேசுவதற்கு ஒன்றுமில்லாத நாளில்கூடத் தன் வேலையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து செய்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பார்ப்போம் அம்மியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். "அம்மா, தாயே, இந்த நாற்காலியை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

இறங்கிவிட்டால் அவர் வேலையில் சுத்தம். தூணுக்கு அடியில் ஆள் இறக்கி மண் பார்த்தார். உத்திரங்களில் கருவிகளைப் பொருத்தி, இன்ஜினையும் பெட்டிகளையும் மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக என்று ஓட்டவிட்டு அளந்தார். கடைசியில் எழுதிக்கொடுத்தார்: பயணி வண்டிகள் முழு வேகத்தில் போகலாம். கரி வண்டி மாதிரி பாரமானவை இன்னொரு சோதனை முடியும்வரை பழையபடி மெதுவாகத்தான்.

"பாதிக் கிணறு தாண்டியிருக்கீங்க" என்றாள் அவள்.

"மீதிக் கிணத்தையும் பார்ப்போம்" என்றார் அவர்.

ஓடிவந்து கணக்குப் போட்டாள். ஏழு நிமிஷம் கையில் வந்திருந்தது. வேண்டியது ஒன்பது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இரண்டே இரண்டு நிமிஷத்துக்காக மொத்த வண்டியும் காற்றில் தொங்கியது.

பாதை முடிகிற ஊருக்கும் நடு ஸ்டேஷனுக்கும் இடையில் மூன்று சின்ன நிறுத்தங்கள். ஒன்றில் நிற்காமல் போனால் பிரேக் போடுவது, நிற்பது, மறுபடி வேகம் பிடிப்பது எல்லாம் சேர்ந்து சரியாக இரண்டு நிமிஷம் மிச்சம். எதை விடுவது? ஆட்கள் குறைவாக ஏறுகிற நிறுத்தத்தைத்தான் விடவேண்டும். அது விதி, நியாயமும்கூட. குறைவாக ஏறுவது மூன்றாவது நிறுத்தத்தில். அது தங்கை ஊர்.

மதிய நேரம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேலே மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. முதல் நிறுத்தத்தை வெட்டிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் போடுகிற கணக்கைச் சரிபார்க்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அங்கே மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் ஏறுகிற அத்தனை பேரில் ஒருவருக்கும் அட்டவணை போடுகிற அக்கா இல்லை. கை மவுஸின் மேல் வெகுநேரம் இருந்தது. தங்கைக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. இதைச் செய்ய முடியாது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மையாக இருந்ததுதான் கொடுமை. கடைசியில் மூன்றாவது நிறுத்தத்தை எடுத்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

போனில் சொல்கிற விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனாள். "பெரியம்மா" என்று குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. தங்கை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டி உண்டா?"

"உண்டு. ஆனா இங்க நிக்காது. நடு ஸ்டேஷனுக்குப் போய் ஏறணும்."

தங்கையின் கை நின்றது. "என் வீட்டு வாசல் வழியா போவும், நிக்காது. அதானே?"

"ஆமா."

"வேற எந்த நிறுத்தத்தையும் விட முடியாதா?"

"முடியும். ஆனா அங்கெல்லாம் ஏறுறவங்க அதிகம்."

"அங்க ஏறுறவங்க உனக்கு யாரு?"

"யாரும் இல்ல. அதனாலதான் என்னால முடியல."

தங்கை மடித்த துணியை மறுபடி உதறினாள். "பெரிய நியாயஸ்தி. ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் வண்டி வாங்கிக் குடுத்துட்டு, கூடப் பொறந்தவளை விடிஞ்சும் விடியாம ரோட்டுல ஓட விடுறா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதன் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு அடுத்த வண்டிக்கே திரும்பிவிட்டாள்.

அட்டவணைக் கூட்டத்தில் சரக்குப் பிரிவு அதிகாரி முந்திக்கொண்டார். சரக்கு சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். வெறும் எலுமிச்சை ஜூஸ் குடிக்கிற மனுஷருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததில் கடைநிலை ஊழியர்வரை எல்லோருக்கும் சந்தோஷம்.

"பாலத்துல ஏழு நிமிஷம் கிடைச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். அதுல நான் இன்னொரு கரி வண்டி விட்டுக்கறேன்" என்றார் அவர், பந்தியில் பக்கத்து இலைக்குக் கை நீட்டுகிறவர் மாதிரி.

"தாராளமா விடுங்க சார்" என்றாள் நிமிஷக்காரி. "ஆனா அந்த ஏழு நிமிஷம் உங்க கைக்கு வராது. முழு வேகம் பயணி வண்டிக்கு மட்டுந்தான். உங்க வண்டி இன்னும் ஊர்ந்துதான் போவணும். சந்தேகம்னா சாரையே கேளுங்க."

எல்லோரும் பார்ப்போமைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு சோதனை பாக்கி இருக்கு. அதை அப்புறம் பார்ப்போம்" என்றார். அந்த வார்த்தை அவள் காதில் இத்தனை இனிமையாக விழுந்தது அன்றைக்குத்தான்.

பெரிய அதிகாரி தாளைப் புரட்டினார். "விட்டுப்போற நிறுத்தம்... உங்க தங்கச்சி வீடு அங்கதானேம்மா?"

"ஆமா சார்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "வேணும்னா, தற்காலிகமா நிக்காதுன்னு போட்டுடலாம். கேக்கறவங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்."

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் சார். அதைப் போட்டுட்டா அப்புறம் நம்ம யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். நிக்காதுன்னே போடுங்க. அடுத்த அட்டவணையில மறுபடி கணக்குப் பாத்தாகணும்னு, பாக்கவேண்டிய ஆளா என் பேரையும் போட்டு எழுதிடுங்க."

எழுதினார்கள். வண்டி கிடைத்தது.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாள், பாதை முடிகிற ஊரில் தானே போய் ஏறிக்கொண்டாள். தங்கையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வருகிறாளா, விடுதிக்கே மூட்டை கட்டிவிட்டாளா, தெரியாது. முதல் நிறுத்தத்தில் ஒரு கூட்டமே ஏறியது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, "இந்த வண்டி இனிமே தினமும் வருமா?" என்று அவளிடமே கேட்டாள். வரும் என்றாள். பாலத்தில் வண்டி தடதடவென்று ஓடியது. மூன்றாவது நிறுத்தம் வெளிறிய வெளிச்சத்தில் வந்து, நிற்காமல் பின்னால் போனது. அங்கே யாரும் இல்லை.

நடு ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நின்றது. கதவோரம் நின்று பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஏறவேண்டியவர்கள் ஏறிக்கொண்டார்கள். தங்கையைக் காணோம். கரி வண்டி தரை அதிர வந்து, நிற்காமல், பெட்டி பெட்டியாகக் கடந்து போனது. சிக்னல் பச்சை ஆனது. பின்னால் கார்டு இறங்கி நின்று கொடியை எடுத்தார்.

கார்டு அவளுக்குத் தெரிந்தவர். ஒரு கை காட்டினால் போதும், பிடித்து வைப்பார். முதல் நாள், எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனால் இங்கே பிந்துகிற ஒவ்வொரு நிமிஷமும் நகரத்தில் பத்து வண்டிகளின் மேல் போய் விழும் என்பது அவளுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்? கையைக் கம்பியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. கார்டு கொடியைக் காட்டினார்.

அப்போதுதான் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து கிறீச்சிட்டது. முன்னால் புருஷன், நடுவில் இரவு உடுப்போடு தூங்கி வழிகிற குழந்தை, பின்னால் தங்கை. அவள் இறங்கினதையும் ஓடினதையும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. பையைத் தோளில் இழுத்துப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் பறந்து வந்தாள். கடைசிப் பெட்டிக்குள் அவள் ஏறியதும் வண்டி நகர்ந்தது.

பெட்டி பெட்டியாக நடந்து அக்கா இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது தங்கைக்கு மூச்சு இறைத்தது. தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷன் பக்கத்துக் கேட்டை மூடிட்டான்க்கா. உன் வண்டிக்கு மூடினவன், கரி வண்டி போறவரைக்கும் தொறக்கவே இல்ல. அங்கேயே நின்னு தவிச்சோம்."

நிமிஷக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பாலம் பார்த்தாள், தூண் பார்த்தாள், ஓட்டுநர் தூக்கம்வரை பார்த்தாள். தங்கை வருகிற ரோட்டில் ஒரு ரயில்வே கேட் இருப்பதைப் பார்க்கவில்லை. "நடுவுல ஒரு தடவை தொறந்து விடச் சொல்லணும். இன்னிக்கே பேசறேன்."

"பேசு." தங்கை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் நான் போறதுக்குள்ள தூங்கக் கூடாதுன்னு குட்டிகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே நன்றாக விடிந்துவிட்டிருந்தது.

"அக்கா, கார்டு கொடி காட்டிட்டாரு. நீ கதவுலதான் நின்னே, நான் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லி வண்டியை நிறுத்தி வெச்சிருப்பியா?"

நிமிஷக்காரி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"மாட்டேன்டி."

"தெரியும்" என்றாள் தங்கை. "அதான் அப்படி ஓடி வந்தேன்."